கந்தப்புவின் பெயர்மேல் சிவப்புக் கோடு

நூலகங்களிலும் ஆவணக் காப்பகங்களிலும் புதிதாகச் சேர்ந்திருக்கும் பிள்ளைகளுக்கு,

உங்களில் ஒருத்தி, நான் ஓய்வுபெற்ற அதே கல்லூரிக் காப்பகத்துக்கு வேலைக்குப் போயிருக்கிறாள். போன வாரம் போன் எடுத்தாள். தேநீர் போடும் மூலையில் கேத்தலுக்கு மேலே சட்டம் போட்ட அட்டையொன்று தொங்குகிறது, அதன் அடியில் உங்கள் பெயர் இருக்கிறது, பெயருக்கு மேலே சிவப்பு மையால் கோடு இழுத்திருக்கிறது, என்ன சங்கதி அன்ரி என்று கேட்டாள். அங்கே யாரை விசாரித்தாலும் சிரிக்கிறார்களாம். பக்கத்தில் ஒரு வெறும் ஆணி இருக்கிறதாம், அதில் கை துடைக்கும் துவாயைக் கொழுவலாமா என்றும் கேட்டாள்.

அதற்குப் பதிலாகத்தான் இந்தக் கடிதம். பழைய தாளை எப்படித் திருப்புவது, எந்தப் பெட்டியில் வைப்பது, அறை எவ்வளவு குளிராக இருக்க வேண்டும் என்பதையெல்லாம் உங்களுக்குப் பயிற்சி வகுப்பில் சொல்லித் தருவார்கள். எனக்கு அதைச் சொல்லப் பொறுமையும் இல்லை. இருபத்துமூன்று வருடத்தில் நான் விட்ட பிழைகள் ஏராளம். முதல் வாரத்திலேயே ஒரு பழைய குறிப்பேட்டின் ஓரத்தில் இருந்த பென்சில் கிறுக்கலை அழுக்கென்று நினைத்து அழிறப்பரோடு புறப்பட்டேன். மேலாளர் என் கையைப் பிடித்து நிறுத்தினார். அதெல்லாம் தெரியாமல் செய்தவை. கேத்தலுக்கு மேலே தொங்குவது, நேர்மையானவள் என்று பெயரெடுக்க வேண்டும் என்று நினைத்துச் செய்தது. அந்த வகைப் பிழையைப் பற்றி உங்களுக்கு வகுப்பில் யாரும் சொல்லப் போவதில்லை.

லண்டனிலுள்ள எங்கள் கல்லூரி பத்தொன்பதாம் நூற்றாண்டில் மருத்துவம் படிப்பித்த இடம். அந்தக் காலத்து மாணவர்களுக்குப் பெரிய ரோசம். சோதனை மண்டபத்தில் கண்காணிப்பாளர் உலாவுவதையே தங்களுக்குச் செய்யும் அவமரியாதையாக எடுத்துக்கொண்டார்கள். ஆகவே பேராசிரியர் வினாத்தாளைக் கொடுத்துவிட்டு வெளியே போய்விடுவார். நான் யாரிடமும் உதவி பெறவில்லை, யாருக்கும் கொடுக்கவுமில்லை என்று என் மானத்தின்மேல் சொல்கிறேன் என்று ஒவ்வொருவரும் விடைத்தாளின் அடியில் எழுதிக் கையெழுத்து வைக்க வேண்டும். யார்மேலாவது சந்தேகம் வந்தால் கல்லூரி விசாரிக்காது. மாணவர்களே தெரிவுசெய்த ஐந்து பேர் கொண்ட குழு விசாரிக்கும். அந்தக் குழுவின் கூட்டக் குறிப்புகள் அடங்கிய தடித்த புத்தகத்துக்கு நாங்கள் வைத்த பெயர் மானப் புத்தகம். புத்தகத்தின் கடைசியில் எல்லா மாணவர்களின் பெயர்ப்பட்டியலும் இருந்தது. பார்த்தெழுதியவன் என்று முடிவானால் அவன் பெயர்மேல் சிவப்புக் கோடு விழும். அதன்பிறகு அவனோடு ஒருவரும் ஒரு மேசையில் இருந்து சாப்பிட மாட்டார்கள். பெரும்பாலும் அவன் தானாகவே பெட்டியைக் கட்டிக்கொண்டு போய்விடுவான்.

கேட்க ஏதோ நீதிமன்றம் போல இருக்கும், ஆனால் வாசித்தால் வயிறு நோகச் சிரிக்கலாம். ஒருவன் தன் உயரத் தொப்பியை மடியில் வைத்துக்கொண்டு மூன்று மணிநேரமும் அதற்குள்ளேயே பார்த்துக்கொண்டிருந்திருக்கிறான். கேட்டதற்கு, தொப்பிக்குள் முகத்தை வைத்துப் பிரார்த்தனை செய்தேன் என்றானாம். அந்தக் காலத்தில் தேவாலயத்தில் அப்படிச் செய்வது வழக்கம்தான். குழு தொப்பியை வாங்கிப் பார்த்தது. உள்ளே கால் எலும்புகளின் பெயர்கள் இருந்தன.

இந்தப் புத்தகத்தை வைத்து ஒரு கண்காட்சி செய்யச் சொன்னார்கள். இன்றைய மாணவர்கள் போனிலும் கணினியிலும் செய்யும் திருகுதாளங்களால் நொந்துபோயிருந்த கல்லூரி முதல்வருக்கு, அந்தக் காலத்துப் பிள்ளைகள் தங்களைத் தாங்களே எப்படிக் கட்டுப்படுத்திக்கொண்டார்கள் என்று காட்ட ஆசை. மக்கள் தொடர்புப் பிரிவுக்கு இன்னொரு ஆசை. இலங்கையிலிருந்து வந்து இங்கே படித்த முதல் மாணவர் கந்தப்பு என்று ஒரு யாழ்ப்பாணத்தவர். அவருடைய வழித்தோன்றல் ஒருவரைத் தேடிப் பிடித்து, திறப்பு விழாவுக்கு அழைத்துவிட்டார்கள். கிழக்கு லண்டன் ஈஸ்ட் ஹாமில் நெடுங்காலம் பலசரக்குக் கடை வைத்திருந்து ஓய்வுபெற்ற குணரத்தினம் அண்ணைதான் அவர். கந்தப்பு அவருக்குப் பூட்டன், அதாவது தாத்தாவின் தகப்பன். லண்டனில் படித்து டொக்டராகி ஊர் திரும்பியவர் என்பது அவர்கள் குடும்பத்துக் கதை. அண்ணை ஜேர்மனியிலும் சுவிஸிலும் இருந்த உறவுக்காரருக்கெல்லாம் சொல்லி, முப்பது பேரோடு வரத் தயாராகிவிட்டார். பூட்டனின் படம் ஒன்றையும் கல்லூரிக்கு அனுப்பியிருந்தார்.

அலுவலகத்தில் நான் ஒருத்திதான் தமிழ். அதனால் எல்லோரும் கந்தப்புவை என்னிடம் "உங்கள் ஆள்" என்றே சொன்னார்கள். உங்கள் ஆளைப் பற்றி ஏதாவது கிடைத்ததா, உங்கள் ஆள் எந்தப் பக்கத்தில் வருகிறார். அன்பாகத்தான் கேட்டார்கள். எனக்கு ஒவ்வொரு தடவையும் உள்ளே சுருக்கென்றது.

விழா வெள்ளிக்கிழமை. திங்கட்கிழமை காலையில் உங்கள் ஆள் அகப்பட்டார்.

அந்தப் பக்கத்தில் எழுதியிருந்தது இதுதான். உடற்கூற்றுச் சோதனையில் கந்தப்பு எழுதிய விடை, பாடநூலின் மூன்று பக்கங்களோடு சொல்லுக்குச் சொல் பொருந்துகிறது. ஒரு மனிதனால் இது முடியாது. நூலில் உள்ளபடியே "விளக்கத்துக்கு எதிர்ப்பக்கத்தில் உள்ள படத்தைப் பார்க்கவும்" என்றுகூட எழுதியிருக்கிறார். அவருடைய விடைத்தாளின் எதிர்ப்பக்கத்தில் படம் எதுவும் இல்லை. நூலைத் திறந்து வைத்துப் பார்த்தெழுதியது ஐயத்துக்கு இடமின்றித் தெரிகிறது. அவரை அழைத்து வெட்கப்படுத்தாமல், பெயரின்மேல் கோடிடத் தீர்மானிக்கப்படுகிறது.

நான் கதிரையில் சாய்ந்து இருந்துவிட்டேன். அந்தப் பக்கத்தை வாசித்தவர் உலகத்தில் அப்போது நான் ஒருத்திதான். தொப்பிக்காரனின் பக்கத்தை விரித்துவைத்தால் கண்காட்சி கலகலப்பாக முடிந்துவிடும், முப்பது பேரும் சந்தோஷமாக வீட்டுக்குப் போவார்கள். ஒரு பத்து நிமிடம் அப்படிச் செய்யத்தான் நினைத்தேன், மறைக்க மாட்டேன். பிறகு என்மேலேயே கோபம் வந்தது. நேர்மை பற்றிய கண்காட்சியில் என் ஊரான் என்பதற்காகப் பக்கத்தை மாற்றுவதா என்று பொங்கியெழுந்து, செவ்வாய்க்கிழமையே விளக்க அட்டையை அச்சடித்துவிட்டேன். இலங்கையிலிருந்து வந்த முதல் மாணவர் பாடநூலைப் பார்த்தெழுதியதற்காகச் சக மாணவர்களால் பெயர் நீக்கப்பட்டார் என்று பெரிய எழுத்தில் போட்டேன். தொப்பிக்காரனின் அட்டையில்கூட அவ்வளவு பெரிய எழுத்து இல்லை. எங்கள் வழக்கப்படி, எழுதியவர் பெயராக என் பெயர் அடியில் சின்னதாக வந்தது.

டொக்டராகித் திரும்பியது என்ற குடும்பக் கதையை நான் பொருட்படுத்தவேயில்லை. மருந்துப் போத்தலைக் கழுவினவரையும் எங்கள் ஆட்கள் டொக்டராக்கிவிடுவார்கள் என்று நினைத்துக்கொண்டேன். பட்டம் பெற்றவர்களின் பதிவேடு பக்கத்து அலுமாரியில் இருந்தது. கையை நீட்டினால் எடுத்திருக்கலாம்.

என் மேலாளர் அதிகம் பேசாத ஆங்கிலேயப் பெண்மணி. அட்டையை இரண்டு முறை வாசித்தார். இவர் யோர்க்ஷயரிலிருந்து வந்த ஓர் ஆங்கிலேய மாணவர் என்றாலும் இதே எழுத்தளவில்தான் போட்டிருப்பீர்களா என்று கேட்டார். நான் அட்டையைத் திரும்ப வாங்கக் கையை நீட்டினேன். புத்தகத்தைக் கடைசிவரை வாசித்தீர்களா என்று அடுத்துக் கேட்டார். ஆமென்றேன்.

அது பொய். புத்தகத்தின் பின்பாதி கட்டவிழ்ந்து போயிருந்தது. அதைத் திருப்ப இரண்டு பேரும் புத்தகத்தை ஏந்த ஒரு தாங்கியும் அரை நாளும் வேண்டும். தீர்ப்பு இருந்த பக்கம் கிடைத்த பிறகு மிச்சம் எதற்கு என்று விட்டுவிட்டேன். நேர்மைக்காக நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நின்ற அதே நாளில், கூசாமல் ஒரு பொய்யும் சொன்னேன்.

முப்பது பேருக்கு நடுவில் அந்த மனிதர் அட்டையைப் பார்த்துத் தெரிந்துகொள்ளக் கூடாது என்ற அளவுக்காவது எனக்கு அறிவு இருந்தது. புதன்கிழமை மத்தியானம் டிஸ்ட்ரிக்ட் லைன் ரயிலைப் பிடித்து ஈஸ்ட் ஹாமுக்குப் போனேன். குணரத்தினம் அண்ணை வாசலிலேயே நின்றார். விழாவுக்குப் போடப் போகும் கோட்டைக் காட்டினார். மனைவி ரோல்ஸ் பொரித்து வைத்திருந்தார். நான் ஒன்றையும் தொடாமல் விஷயத்தைச் சொல்லி முடித்தேன்.

அவர் முகம் விழுந்துவிட்டது. கொஞ்ச நேரம் கோட்டின் பொத்தானைத் திருகிக்கொண்டிருந்தார். பிள்ளைகளுக்கும் பேரப்பிள்ளைகளுக்கும் எத்தனை தரம் அவரைக் காட்டிக் காட்டிப் படிக்கச் சொல்லியிருப்பேன் என்று மெதுவாகச் சொன்னார். முப்பது பேரில் பன்னிரண்டு பேர் சின்னப் பிள்ளைகள். அவர்களுக்கு என்ன சொல்வது என்றுதான் அவருக்கு யோசனை.

பிறகு நிமிர்ந்து, பூட்டன் அப்படி என்ன எழுதினவராம் என்று கேட்டார். மூன்று பக்கமும் சொல்லுக்குச் சொல் என்றேன். எதிர்ப்பக்கத்துப் படத்தைப் பார்க்கவும் என்று எழுதியதையும் சொன்னேன்.

அண்ணை என்னை ஒரு மாதிரிப் பார்த்தார். அவருடைய தோள் குலுங்கத் தொடங்கியது. அழுகிறார் என்று நினைத்து நான் எழுந்துவிட்டேன். மனிதர் சிரித்துக்கொண்டிருந்தார்.

"தங்கச்சி, நீங்கள் எங்க படிச்சனீங்கள்?"

யாழ்ப்பாணத்தில் என்றேன்.

"அப்ப இது விளங்கேல்லையே? அவர் பாடமாக்கினவர். பார்த்தெழுதுற கள்ளன் படத்தைப் பார்க்கச் சொல்லி எழுதமாட்டான், அந்த வரியை விட்டிட்டு எழுதுவான். பாடமாக்கினவனுக்குத்தான் விட ஏலாது. ஒரு வரியை விட்டால் அடுத்த வரி வராது."

நான் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். சரித்திரப் பாடத்தை அடிக்குறிப்போடு மனப்பாடமாக்கி, சோதனையில் அடிக்குறிப்பையும் எழுதி, வகுப்பு முழுதும் சிரிக்க வாங்கிக் கட்டிக்கொண்டவள் நான். எங்கள் வகுப்பில் பாதிப்பேர் அப்படித்தான். ஒரு மனிதனால் இது முடியாது என்று அந்த ஐந்து வெள்ளைக்காரப் பையன்கள் எழுதியதில் ஆச்சரியமில்லை, அவர்கள் அப்படி ஒருவரைக் கண்டதில்லை. நான் கண்டவள். என்னையே கண்டவள். எனக்குத் தோன்றாமல் போனதற்கு ஒரே காரணம், அந்தப் பக்கத்தை நான் ஒரு யாழ்ப்பாணத்தாளாக வாசித்துவிடக் கூடாது என்று பயந்ததுதான். என் ஆட்களுக்குச் சாயக் கூடாது என்று மறுபக்கம் சாய்ந்து விழுந்திருந்தேன்.

உடனே அட்டையை எடுத்துவிடுகிறேன் என்றேன். அண்ணை கையைக் காட்டி நிறுத்தினார்.

"அது நான் சொன்னது, தங்கச்சி. என்ர கதையைப் போடாதேங்கோ. புத்தகத்தில என்ன கிடக்கோ அதைப் போடுங்கோ. ஆனால் முழுக்க வாசிச்சுப்போட்டுப் போடுங்கோ. எப்படியிருந்தாலும் நான் எல்லாரையும் கூட்டிக்கொண்டு வருவன்."

இரண்டு ரோல்ஸைத் தாளில் சுற்றித் தந்துதான் விட்டார்.

வியாழக்கிழமை காலை மேலாளர் வந்ததும் வராததுமாக அவர் மேசைக்கு முன்னால் போய் நின்றேன். செவ்வாய்க்கிழமை நீங்கள் கேட்டதற்கு நான் சொன்னது பொய், கடைசிவரை வாசிக்கவில்லை என்றேன். தெரியும் என்றார். பின்பாதியைத் திருப்ப வேண்டுமென்றால் என்னைக் கூப்பிட்டிருப்பீர்களே, கூப்பிடவில்லையே என்றார். கோட்டைக் கழற்றிக் கொழுவிவிட்டுத் தாங்கியை எடுத்து வந்தார்.

இரண்டு பேருமாகத் திருப்பினோம். சூப்பில் உப்பில்லை என்று நாலு பக்கம். கிரிக்கெட் மட்டையை யாரோ விறகாக எரித்துவிட்டது பற்றி மூன்று பக்கம். மத்தியானமாகியும் கந்தப்புவின் பெயரைக் காணவில்லை. திறப்பு விழாவுக்கு இன்னும் ஒரு நாள்கூட முழுதாக இல்லை. முதல்வரின் அலுவலகத்திலிருந்து இரண்டு தரம் போன் வந்தது. ஒன்றும் இல்லாமல் போனால் அட்டை அப்படியே நிற்கும் என்பது எங்கள் இரண்டு பேருக்கும் தெரியும், அண்ணைக்கும் தெரியும். ஒருவரின் நம்பிக்கையைக் கண்ணாடிப் பெட்டிக்குள் வைக்க முடியாது.

மூன்று மணிக்கு மேலாளர் விரலை ஒரு வரியில் வைத்தார். விசேட கூட்டம் என்று இருந்தது.

தன் பெயரின்மேல் கோடு விழுந்ததைக் கந்தப்பு பட்டியலில் பார்த்துத்தான் அறிந்திருக்கிறார். நேரே குழுவிடம் வந்து, என்னை யாரும் ஒன்றும் கேட்கவில்லையே என்றிருக்கிறார். வெட்கப்படுத்தக் கூடாது என்று கூப்பிடாமல் விட்டதை அதுவரை தங்கள் பெருந்தன்மை என்று அந்த ஐந்து பேரும் நினைத்திருந்தார்கள். உடனே நூலைக் கொண்டுவந்து ஒருவர் பிடித்துக்கொண்டார். சொல்லும் என்றார்கள். கந்தப்பு கையைக் கட்டிக்கொண்டு நின்று அத்தியாயத்தின் முதல் வரியிலிருந்து தொடங்கினார். படத்தைப் பார்க்கவும் என்ற வரி வந்தபோது அதையும் அதே குரலில் சொல்லிவிட்டுப் போய்க்கொண்டேயிருந்தார். பதினான்காம் பக்கத்தில் சாப்பாட்டு மணி அடித்ததால் நிறுத்தச் சொன்னோம், அந்தப் பந்தியை மட்டும் முடிக்க அனுமதி கேட்டார், கொடுத்தோம் என்று செயலாளர் எழுதியிருக்கிறார்.

நானும் மேலாளரும் சிரித்த சிரிப்பில் தாங்கி ஆடியது. மானப் புத்தகத்துக்கு ஒன்றும் ஆகவில்லை.

பிறகு கடைசிப் பட்டியலுக்குப் போனோம். கந்தப்புவின் பெயர்மேல் சிவப்புக் கோடு இருந்தது. மையை அழிக்க முடியாதே. ஓரத்தில், இந்தக் கோடு எங்கள் பிழை என்று எழுதியிருந்தது. அதற்கு மேலும் கீழுமாக வேறு ஐந்து பெயர்கள்மேல் புதிதாகச் சிவப்புக் கோடுகள். அந்தக் குழுவிலிருந்த ஐந்து பேரின் பெயர்கள். ஒவ்வொரு பெயருக்கும் பக்கத்தில் அவரவர் கையெழுத்தில், கேட்காமல் தீர்ப்புச் சொன்னேன் என்று எழுதி ஒப்பமிட்டிருந்தார்கள். அந்தப் பருவம் முழுதும் ஐந்து பேரும் தனி மேசையில் இருந்து சாப்பிட்டார்கள் என்று அடிக்குறிப்பு சொன்னது. முதல் வாரத்திலேயே கந்தப்பு தன் தட்டை எடுத்துக்கொண்டு அவர்களுடைய மேசைக்குப் போய்விட்டார் என்றும் சொன்னது.

எங்கள் இரண்டு பேருக்கும் சிரிப்பு நின்றுவிட்டது. நான் கண்ணைத் துடைத்தேன். மேலாளர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். பக்கத்து அலுமாரியிலிருந்து பட்டதாரிப் பதிவேட்டை எடுத்தேன். மூன்று வருடங்களுக்குப் பிந்திய பட்டியலில் டொக்டர் கந்தப்பு இருந்தார்.

அண்ணைக்கு நான் போன் எடுத்துச் சொன்னேன். கந்தப்பு ஒப்புவித்த இடத்தை இன்னொருமுறை வாசிக்கச் சொன்னார். பிறகு, ஓம் தங்கச்சி, நாளைக்கு வாறன் என்று மட்டும் சொல்லி வைத்துவிட்டார்.

வெள்ளிக்கிழமை காலை கண்ணாடிப் பெட்டிக்குள் விசேட கூட்டப் பக்கமும், படத்தைப் பார்க்கவும் என்ற வரியோடு நடந்ததைச் சொல்லும் ஒரு புதிய அட்டையும் இருந்தன. பழைய அட்டையையும் எடுக்காமல் பக்கத்திலேயே வைத்தேன். மேலாளர் தன் மேசை லாச்சியிலிருந்து சிவப்புப் பேனையை எடுத்து நீட்டினார். அட்டையின் அடியிலிருந்த என் பெயர்மேல் கோட்டை இழுத்து, ஒரு பக்கம் மட்டும் வாசித்தேன் என்று எழுதி ஒப்பமிட்டேன். முதல்வர் வந்து வாசித்துவிட்டு, இது தேவைதானா என்று கேட்டார். தேவை என்றேன். அன்றைக்கு நான் சொன்ன பதில்களில் யோசிக்காமல் வந்தது அதுதான்.

பதினொரு மணிக்கு முப்பது பேரும் வந்தார்கள். சேலைகளும் கோட்டுகளும் பிள்ளைகளின் சத்தமுமாக காப்பகத்தின் நிலக்கீழ்க் காட்சியறை அப்படி நிறைந்ததை நான் அதற்கு முன்னும் பின்னும் கண்டதில்லை. அண்ணை புதிய அட்டையை வாசித்தார், பிறகு பழையதை வாசித்தார், பிறகு என் பெயரின்மேல் இருந்த கோட்டைக் கண்ணாடி போட்டு ஒருமுறை உற்றுப் பார்த்தார். என்னைப் பார்த்துத் தலையை ஆட்டினார். பூட்டனைப் பற்றி இரண்டு வார்த்தை பேசும்படி முதல்வர் அவரைக் கேட்டார். அண்ணை பொத்தானைப் பூட்டிக்கொண்டு, தொண்டையைச் செருமி, எதிர்ச் சுவரில் நாங்கள் மாட்டியிருந்த கந்தப்புவின் படத்தை நோக்கிக் கையை நீட்டினார். ஆங்கிலத்தில் ஒரே ஒரு வசனம் சொன்னார்.

"விளக்கத்துக்கு எதிர்ப்பக்கத்தில் உள்ள படத்தைப் பார்க்கவும்."

அட்டையை வாசித்திருந்த அத்தனை பேரும் சிரித்தார்கள். முதல்வர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பன்னிரண்டு பிள்ளைகளும் படத்தைத் திரும்பிப் பார்த்தார்கள்.

கண்காட்சி முடிந்ததும் பழைய அட்டைக்குச் சட்டம் போட்டுக் கேத்தலுக்கு மேலே மாட்டியது மேலாளர்தான். ஒரு நாளைக்கு நாலு தரம் தேநீர் குடிக்கிறவள் நான், நாலு தரமும் பார்க்கட்டும் என்று. முதலில் முகம் சிவந்தது. பிறகு பழகிவிட்டது. அதன்பிறகு ஒரு தீர்ப்பு கையில் கிடைத்தால், அது எனக்குப் பிடித்ததோ பிடிக்காததோ, தண்ணீர் கொதிக்கும்வரை அந்த அட்டையைப் பார்த்துக்கொண்டு நின்றுவிட்டுத்தான் மற்றப் பக்கத்தைத் திருப்பப் போவேன்.

பக்கத்திலிருக்கும் வெறும் ஆணி, நான் ஓய்வுபெற்ற நாளன்று நானே சுத்தியல் வாங்கி அடித்தது. துவாய்க்கு வேறு இடம் பார், மகளே. அந்த ஆணி உன்னுடைய அட்டைக்கு.